தோட்டத்து டவுனில் இருந்தபடியே செடிகளின் மரபணுக் கட்டுப்பாட்டைக் கணினியில் படிக்க: முதல் முறை இறங்குபவர்களுக்கு

நான் இருப்பது மலேசியாவில், சிலாங்கூரின் பெஸ்தாரி ஜெயாவில். ஊரில் பாதிப் பேருக்கு அது இன்னும் பத்தாங் பெர்ஜுந்தைதான். பகலில் டியூஷன் வகுப்பு, இரவில் செம்பனை மரபணுக்களோடு மடிக்கணினி முன்னால் உட்காருவது என்று ஒன்றரை வருடம் ஓடிவிட்டது. அதில் ஏழெட்டு மாதம் தேவையே இல்லாமல் வீணானது. ஆரம்பத்தில் கேட்க ஆள் இல்லை, இணையத்தில் கிடைப்பதெல்லாம் ஏற்கெனவே பாதி தெரிந்தவர்களுக்காக எழுதியது, தமிழில் தேடினால் படிவம் ஐந்து உயிரியலோடு நின்றுவிடுகிறது. உயிரியலோ விவசாயமோ படித்து முடித்துவிட்டு, கோலாலம்பூரில் அறை எடுத்துத் தங்க வசதி இல்லாமல் வீட்டில் இருந்தபடியே ஏதாவது ஆய்வு செய்ய முடியுமா என்று யோசிக்கிறீர்களா? முடியும். எந்த இடத்தில் நேரம் போகும், எங்கே காசு போகும், எங்கே ஏமாறுவீர்கள் என்பதை மட்டும் முன்கூட்டியே தெரிந்துகொள்ளுங்கள்.

மரபணுக் கட்டுப்பாடு என்றால் என்ன என்று எனக்கு முதலில் காட்டியது அப்பாதான், அந்தப் பெயர் தெரியாமலேயே. செம்பனைப் பழம் ஒன்றைப் பாராங் கத்தியால் குறுக்கே வெட்டிக் காட்டுவார். ஓடு தடியாக இருந்தால் டூரா. ஓடு மெல்லியதாக, அதைச் சுற்றி கறுப்பு நார் ஒரு வளையமாகத் தெரிந்தால் டெனெரா, தோட்டத்தில் எல்லாரும் விரும்பி நடுவது. ஓடே இல்லையென்றால் பிசிஃபெரா. இந்த மூன்றையும் பிரிப்பது ஷெல் என்ற ஒரே ஒரு மரபணு என்று 2013இல் கண்டுபிடித்தார்கள். அந்த மரபணு ஓட்டை நேரடியாகக் கட்டுவதில்லை. அது உண்டாக்கும் புரதம் வேறு மரபணுக்களின் முன்னால் போய் உட்கார்ந்து, வேலை செய், செய்யாதே என்று சொல்கிறது. இப்படிப்பட்ட புரதத்தைப் படியெடுப்புக் காரணி என்பார்கள். எந்தக் காரணி, எந்த மரபணுவை, பழத்திலா இலையிலா, எத்தனையாவது வாரத்தில் திறக்கிறது, மூடுகிறது என்று கணினியை வைத்துத் தேடுவதுதான் இந்த வேலை.

1. கேள்வியை ஒரே வரியில் எழுதுங்கள் (1 வாரம்)

"செம்பனையில் எண்ணெய் எப்படி உண்டாகிறது" என்பது கேள்வி அல்ல. நான் அப்படித்தான் ஆரம்பித்தேன், இரண்டு மாதம் கட்டுரைகளை இறக்கி இறக்கி வைத்ததைத் தவிர ஒன்றும் நடக்கவில்லை. "பழச் சதையில் எண்ணெய் சேரத் தொடங்கும் வாரங்களில் எந்தப் படியெடுப்புக் காரணிகள் உயர்கின்றன, அவற்றில் எவை கொழுப்பு அமில மரபணுக்களின் முன்பகுதியில் உட்கார வாய்ப்பு இருக்கிறது" என்று எழுதிய பிறகுதான் எந்தத் தரவு வேண்டும், எது வேண்டாம் என்பதே தெரிந்தது. உங்கள் வரியில் எந்தச் செடி, எந்த உறுப்பு, எந்த இரண்டு நிலைகளை ஒப்பிடப் போகிறீர்கள் என்ற மூன்றும் இருக்க வேண்டும். ஒன்று குறைந்தாலும் அடுத்த படிக்குப் போகாதீர்கள்.

இன்னொன்று. செம்பனை, ரப்பர், மிளகு என்று எது உங்கள் மனதில் இருந்தாலும், முதல் மூன்று வாரம் அரபிடாப்சிஸ் என்ற, ஆய்வாளர்கள் அதிகம் படித்த சின்னச் செடியில் ஒத்திகை பாருங்கள். அது நம் ஊரில் வளரும் செடி இல்லைதான். ஆனால் அதன் ஜீனோம், அதாவது முழு டிஎன்ஏ, சுமார் 13.5 கோடி எழுத்துதான், 5 குரோமோசோம், ஏறக்குறைய 27,000 புரத மரபணுக்கள், அவற்றில் நிறைய மரபணுக்களுக்கு யாரோ ஒருவர் விளக்கம் எழுதி வைத்திருக்கிறார். செம்பனையின் ஜீனோம் 180 கோடி எழுத்து, 16 ஜோடி குரோமோசோம். ஒரு கட்டளையில் தப்பு செய்தால் அரபிடாப்சிஸில் பத்து நிமிடத்தில் தெரியும், செம்பனையில் மறுநாள் காலையில்தான் தெரியும்.

2. கணினி, இணையம், செலவு

பெரிய கணினி வேண்டாம். என்னுடையது 16 ஜிபி நினைவகம் உள்ள பழைய மடிக்கணினி, செகண்ட் ஹேண்டில் 1,400 வெள்ளிக்கு வாங்கினேன். கூடவே 2 டெராபைட் வெளி ஹார்ட் டிஸ்க் ஒன்று, 300 வெள்ளிக்குள். 8 ஜிபி இருந்தாலும் ஓட்டலாம், மற்ற எல்லாவற்றையும் மூடி வைத்துவிட்டு. விண்டோஸ் வைத்திருப்பவர்கள் அதற்குள்ளேயே லினக்ஸை நிறுவும் டபிள்யூஎஸ்எல் வசதியைப் போட்டுக்கொள்ளுங்கள், இலவசம். இந்தத் துறையில் பயன்படும் மென்பொருள் கிட்டத்தட்ட எல்லாமே இலவசம், யாராவது உரிமத்துக்குக் காசு கேட்டால் ஒரு முறைக்கு இரண்டு முறை யோசியுங்கள். கட்டளை தட்டவே பயமாக இருந்தால் கேலக்ஸி என்ற இணையத் தளத்தில் பதிவு செய்து உலாவியிலேயே எல்லாவற்றையும் ஓட்டலாம், அதுவும் இலவசம்தான். கூகுள் கோலாப் சின்ன வேலைக்கு நல்லது, ஆனால் இலவசக் கணக்கில் நீண்ட வேலையை நடுவில் அறுத்துவிடும், நம்பி இரவு முழுக்க விட்டுவிட்டுத் தூங்காதீர்கள்.

ஃபோல்டர் பெயரில் இடைவெளி விடாதீர்கள், தமிழ் எழுத்தும் வேண்டாம். பல நிரல்கள் அங்கேயே தடுக்கி விழும். பிழைச் செய்தி வேறு எதையோ சொல்லும், நீங்களும் வேறு எங்கேயோ தேடிக்கொண்டிருப்பீர்கள்.

பயிற்சி வகுப்பு பற்றியும் சொல்லிவிடுகிறேன். ஆரம்பத்தில் இரண்டு நாள் வகுப்பு ஒன்றுக்கு 850 வெள்ளி கட்டினேன். ஒன்றரை நாள் ஸ்லைடு ஓடியது. மீதி அரை நாளில், அவர்கள் முன்பே ஓட்டி வைத்திருந்த முடிவைத் திறந்து காட்டினார்கள். என் கணினியில் ஒரு கட்டளை கூட ஓடவில்லை. கட்டணம் கட்டுவதற்கு முன் இரண்டே கேள்வி கேளுங்கள்: என் சொந்தக் கணினியில் ஓட்டுவேனா, நான் கொண்டுவரும் தரவை வைத்து ஓட்ட விடுவீர்களா? இரண்டுக்கும் ஆமாம் என்றால் போங்கள்.

3. தரவை இறக்குவது (2 வாரம்)

நீங்கள் ஆய்வகத்தில் எதையும் செய்யாமலேயே தொடங்க முடிவதற்குக் காரணம், எந்த மரபணு எவ்வளவு வேலை செய்கிறது என்று காட்டும் ஆர்என்ஏ வரிசைத் தரவை உலகம் முழுக்க ஆய்வாளர்கள் பொதுவில் வைக்கிறார்கள் என்பதுதான். அமெரிக்காவின் என்சிபிஐயில் எஸ்ஆர்ஏ என்ற கிடங்கு, ஐரோப்பாவின் ஈஎன்ஏ கிடங்கு, இரண்டிலும் பெரும்பாலும் ஒரே சரக்குதான். ஈஎன்ஏவில் இருந்து எடுங்கள். அங்கே நேரடியாகப் பயன்படுத்தக்கூடிய வடிவத்திலேயே சுருக்கி வைத்திருப்பார்கள். எஸ்ஆர்ஏவில் இருந்து எடுத்தால் அதை விரித்தெடுக்க வேண்டும், விரிக்கும்போது தற்காலிகக் கோப்புகள் மூலத்தைப் போலப் பல மடங்கு இடம் பிடிக்கும். என் டிஸ்க் இரண்டு முறை அப்படித்தான் நிரம்பி நின்றது.

எவ்வளவு நேரம் ஆகும் என்பதை உட்கார்ந்து கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். ஒரு கோப்பு 2 ஜிபி என்று வைத்தால் 24 கோப்பு 48 ஜிபி. விநாடிக்கு 10 மெகாபிட் வேகத்தில் அது கிட்டத்தட்ட 11 மணி நேரம். எங்கள் பக்கத்தில் சாயங்காலமானால் மழை, இடி, மின்வெட்டு. இடி இடித்தால் அம்மா முதலில் போய் மோடத்தைத்தான் கழற்றுவார், ஒரு மோடம் கருகிய வீடு அது. அதனால் விட்ட இடத்தில் இருந்து தொடரும் வசதியோடு இறக்குங்கள், டபிள்யூகெட் கட்டளையில் அது உண்டு. கைப்பேசி டேட்டாவில் இறக்கவே இறக்காதீர்கள், மாதக் கோட்டா ஒரு ராத்திரியில் போய்விடும். இறக்கி முடித்ததும் ஒவ்வொரு கோப்பும் முழுதாக வந்ததா என்று காட்டும் எம்டி5 எண்ணைச் சரிபாருங்கள். பாதியில் நின்ற கோப்பு பார்ப்பதற்கு முழுக் கோப்பு போலவே இருக்கும், கடைசியில் எண்ணிக்கை குறைந்து வரும்போதுதான் தெரியும், அப்போதும் ஏன் என்று தெரியாது.

4. மாதிரி அட்டவணை: இங்கேதான் நிதானம் வேண்டும் (3 வாரம், அவசரப்படாதீர்கள்)

என் ஏழெட்டு மாதத்தில் பாதி இந்த ஒரு விஷயத்தில்தான் போனது. கட்டளையெல்லாம் போகப் போக வந்துவிடும். ஆனால் எந்தக் கோப்பு எந்த மரத்தின் எந்தப் பழம் என்று தெரியாமல் ஓட்டினால் வருவது எண்கள் மட்டும்தான்.

ஒரு கோப்புக்கு ஒரு வரி என்று அட்டவணை போடுங்கள். ஓட்ட எண் (கிடங்கில் அந்தத் தரவுக்குக் கொடுத்திருக்கும் எண்), எந்தக் கட்டுரைக்காக எடுத்தது, எந்த ரகம், எந்த மரம், எந்த உறுப்பு, பூ மலர்ந்து எத்தனை வாரம், எந்த நேரத்தில் பறித்தது, ரீட் (கருவி படித்த சின்ன எழுத்துத் துண்டு) ஒற்றை முனையா இரட்டை முனையா, ரீட் நீளம், எந்தத் தேதியில் வரிசைப்படுத்தினார்கள், கடைசியில் குறிப்பு. கிடங்கில் இருக்கும் விவரப் பட்டியலை இறக்கினால் பாதி கிடைக்கும். மீதிக்குக் கட்டுரையின் செய்முறைப் பகுதியையும் இணைப்புக் கோப்புகளையும் வரி வரியாகப் படிக்க வேண்டும். அதிலும் இல்லையென்றால் கட்டுரையை எழுதியவருக்கு மின்னஞ்சல் போடுங்கள். நான் நான்கு பேருக்குப் போட்டேன், இரண்டு பேர் பதில் தந்தார்கள், அதில் ஒருவர் அட்டவணையில் காலியாக இருந்த ஒரு பத்தியை முழுதாக நிரப்பிக் கொடுத்தார்.

மறுமாதிரி விஷயத்தில் ஏமாறாதீர்கள். ஒரே குலையில் மூன்று பழம் எடுத்தால் அது மூன்று மாதிரி ஆகாது. அந்த ஒரு மரத்தைப் பற்றித்தான் அது சொல்லும். மூன்று தனித்தனி மரம், அதுவும் ஒரே வாரத்தில், இதுதான் குறைந்தபட்சம். ஆறு இருந்தால் இன்னும் நம்பலாம். ஒரே ஆர்என்ஏவை இரண்டு முறை வரிசைப்படுத்திவிட்டு இரண்டு மாதிரி என்று பதிந்திருப்பதையும் பார்த்திருக்கிறேன். அதை ஒன்றாகச் சேர்த்துவிட வேண்டும்.

வாரக் கணக்கும் முக்கியம். செம்பனைப் பழம் பூ மலர்ந்ததில் இருந்து முதிர 20 வாரத்துக்கு மேல் ஆகும், சதையில் எண்ணெய் ஏறுவது ஏறத்தாழ 15ஆம், 16ஆம் வாரத்தில் இருந்துதான். ஒரு கட்டுரையில் "காய்" என்றால் 10ஆம் வாரம், இன்னொன்றில் "காய்" என்றால் 16ஆம் வாரம். இரண்டையும் ஒரே பெயரில் கலந்தால் நீங்கள் தேடுவதே நடுவில் தொலைந்துவிடும்.

அப்புறம் பறித்த நேரம். செடிகளுக்கு உள்ளே ஒரு கடிகாரம் ஓடுகிறது. அரபிடாப்சிஸில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு மரபணுக்கள் அந்தக் கடிகாரத்துக்கு ஏற்ப ஏறி இறங்குகின்றன. ஒரு நிலையைக் காலை 8 மணிக்கும் இன்னொரு நிலையை மதியம் 2 மணிக்கும் பறித்திருந்தால், நீங்கள் கண்டுபிடிப்பது பழத்தின் முதிர்ச்சியாகவும் இருக்கலாம், சூரியனின் உயரமாகவும் இருக்கலாம். நேரம் குறிக்காத தரவைத் தூக்கி எறிய வேண்டியதில்லை. ஆனால் அட்டவணையில் "நேரம் இல்லை" என்று எழுதி வையுங்கள், முடிவு எழுதும்போது அது உங்கள் கையைப் பிடிக்க வேண்டும்.

மரபணுப் பெயர்கள் உள்ள அட்டவணை எதையாவது எக்செலில் திறந்து சேமிக்கிறீர்களா? பூ உறுப்புகளைத் தீர்மானிக்கும் செப்1, செப்2, செப்3 என்ற மரபணுக்களை எக்செல் செப்டம்பர் மாதத் தேதி என்று நினைத்து மாற்றிவிடும். செம்பனைப் பூவைப் பார்ப்பவர்களுக்கு அதுதான் உயிர்நாடியான குடும்பம். அந்தப் பத்தியை முதலிலேயே எழுத்து வடிவமாக மாற்றி வைத்துவிட்டு அப்புறம் ஒட்டுங்கள்.

5. தரம் பார்த்து எண்ணுவது (1 முதல் 2 வாரம்)

இது கேட்கப் பெரிதாக இருக்கும், செய்யச் சின்னது. ஃபாஸ்ட்க்யூசி தரம் காட்டும், ஃபாஸ்ட்பி வால் நறுக்கும், சால்மன் எந்த மரபணுவில் இருந்து எத்தனை ரீட் என்று எண்ணும். சால்மன் பழைய மடிக்கணினியிலும் ஓடும், என்னுடையதில் ஒரு மாதிரிக்கு அரை மணி நேரம் ஆகிறது. முழு ஜீனோமையும் டெகாயாக (மரபணுவைச் சேராத ரீடை இழுத்துக்கொள்ளும் பொறியாக) சேர்த்துப் பட்டியல் கட்டினால் துல்லியம் கூடும், ஆனால் செம்பனையில் அதற்கு 8 ஜிபி போதாது.

ஃபாஸ்ட்க்யூசியில் சிவப்பு பார்த்துப் பயந்து எல்லாவற்றையும் வெட்டாதீர்கள். ஆர்என்ஏ தரவில் முதல் பத்துப் பன்னிரண்டு எழுத்துகளின் விகிதம் கோணலாகத்தான் வரும், அது மாதிரி தயாரிக்கும் முறையால் வருவது, தரக்குறைவு இல்லை. நான் முதல் தடவை எல்லா ரீடின் தலையையும் நறுக்கிவிட்டு உட்கார்ந்திருந்தேன்.

எத்தனை சதவீத ரீட் பொருந்தியது என்ற எண்ணைக் குறித்து வையுங்கள். மற்றதெல்லாம் 80க்கு மேல் இருக்கும்போது ஒன்று மட்டும் 40இல் இருந்தால் முன்னேறாதீர்கள். அட்டவணைக்குத் திரும்பிப் போங்கள்.

செம்பனைக்கு எந்த மரபணுப் பட்டியலை எடுத்தீர்கள் என்பதை முதல் நாளே எழுதி வையுங்கள். என்சிபிஐயில் ஒரு பெயரிடும் முறை, பாங்கியில் உள்ள மலேசிய செம்பனை எண்ணெய் வாரியத்தின் குழு 2017இல் வெளியிட்ட 26,059 மரபணுக்களின் பட்டியலில் வேறு முறை. பாதி வேலை ஒன்றில், பாதி வேலை மற்றதில் என்று செய்தால் கடைசியில் எதுவும் எதனோடும் பொருந்தாது.

6. எது ஏறியது, எது இறங்கியது (2 வாரம்)

ஆர் என்ற நிரல் மொழியில் டிஈசெக்2 என்ற தொகுப்பு இருக்கிறது, அதுதான் பலரும் பயன்படுத்துவது. அதற்குக் கொடுக்க வேண்டியது நேரடி எண்ணிக்கை. டிபிஎம் என்று சமன் செய்த எண்ணைக் கொடுக்கக் கூடாது. கொடுத்தாலும் அது எதையாவது கணக்கிட்டுத் தரும், அதுதான் ஆபத்து. சால்மன் முடிவை டிஎக்ஸ்இம்போர்ட் வழியாக உள்ளே எடுத்தால் இந்தத் தொல்லை இல்லை.

ஒப்பீட்டுக்கு முன் எல்லா மாதிரியையும் ஒரே படத்தில் புள்ளிகளாகப் போட்டுப் பாருங்கள், பிசிஏ என்பார்கள். நான் எடுத்த ஒரு தரவில் பழம் என்று பதிந்திருந்த ஒரு புள்ளி, இலைப் புள்ளிகளுக்கு நடுவில் போய் உட்கார்ந்திருந்தது. இலையில் மட்டும் நிறைய இருக்க வேண்டிய ஒளிச்சேர்க்கை மரபணுக்களைப் பார்த்தேன், அதில் குவிந்து கிடந்தன. பெயர்ச்சீட்டு மாறியிருக்கிறது. அந்தப் படத்தைப் போடாமல் இருந்திருந்தால் அந்த ஒரு மாதிரியே என் முடிவு முழுவதையும் கெடுத்திருக்கும்.

அடுத்தது நான் மூன்று வாரம் தலையைப் பிய்த்துக்கொண்டது. இரண்டு நிலைகளுக்கும் ஆங்கிலத்தில் ரைப், அன்ரைப் என்று பெயர் வைத்திருந்தேன். நீங்கள் வேறு ஒன்றும் சொல்லாவிட்டால், அகரவரிசையில் முதலில் வருவதைத்தான் ஆர் அடிப்படை நிலையாக எடுத்துக்கொள்ளும். ஆங்கில அகரவரிசையில் ரைப் முன்னால் வரும். அதனால் பழுத்ததை அடிப்படையாக வைத்து, காயில் எது கூடியது என்று கணக்கிட்டுக் கொடுத்தது. எண்ணெய் சேர்க்கும் மரபணுக்கள் எல்லாமே தலைகீழாக வந்தன. அப்பாவிடம் வாய் தவறி "பழுக்கப் பழுக்க எண்ணெய் வேலை குறையுது போல" என்றேன். "உதிரிப் பழத்தை நசுக்கிப் பாரும்மா, கையெல்லாம் எண்ணெய்" என்றார். அன்று ராத்திரிதான் அடிப்படை நிலை எது என்று பார்த்தேன். அடிப்படை நிலையை நீங்களே வெளிப்படையாகக் குறித்துவிடுங்கள். ஏற்கெனவே விடை தெரிந்த நாலைந்து மரபணுக்களை எப்போதும் முதலில் பாருங்கள். செம்பனையில் ரிங்கிள்டு1 என்ற படியெடுப்புக் காரணி எண்ணெய் ஏறும் வாரங்களில் உயர வேண்டும், அது உங்கள் பட்டியலில் இறங்கியிருந்தால் தப்பு செடியில் இல்லை, உங்கள் கோப்பில்.

ஒரு நிலையின் மாதிரிகள் எல்லாம் ஒரு நாளிலும் மற்ற நிலையின் மாதிரிகள் எல்லாம் வேறு நாளிலும் வரிசைப்படுத்தியிருந்தால், எந்தக் கணக்கும் அதைப் பிரித்துத் தராது. அந்தத் தரவை விட்டுவிட்டு வேறு தேடுங்கள், மனம் கேட்காதுதான்.

7. மரபணுவின் முன்பகுதியைத் தேடுவது (4 வாரம்)

இதுதான் எனக்கு மிகவும் பிடித்த படி, இங்கேதான் மிக மோசமாக ஏமாந்ததும்.

ஏறிய மரபணுக்களின் முன்பகுதியை, அதாவது புரொமோட்டரை, 1,000 எழுத்து வெட்டி எடுக்க வேண்டும். டிஎன்ஏவின் இரண்டு இழைகளில் மரபணு எந்த இழையில் இருக்கிறது என்று பாருங்கள். நேர் இழையில் இருந்தால் முன்பகுதி இடப்பக்கம், எதிர் இழையில் இருந்தால் வலப்பக்கம், அதையும் திருப்பிப் போட்டு எடுக்க வேண்டும். வெட்டி எடுக்கப் பயன்படும் பெட்டூல்ஸ் கருவியில் இதற்கு ஒரு சின்ன ஆப்ஷன் இருக்கிறது, அதைப் போட மறந்தால் பாதி மரபணுக்களுக்கு நீங்கள் எடுப்பது தலை இல்லை, வால். குரோமோசோமின் பெயர் ஒரு கோப்பில் "1" என்றும் இன்னொன்றில் "குரோம் 1" என்றும் இருந்தால் ஒன்றுமே வராது, அது பரவாயில்லை, கண்ணுக்குத் தெரியும். தலைக்குப் பதில் வால் வருவது கண்ணுக்குத் தெரியாது. பத்து மரபணுவை ஜீனோம் உலாவியில் திறந்து கண்ணால் பார்த்துவிட்டுத்தான் அடுத்ததற்குப் போக வேண்டும்.

ரிங்கிள்டு1 உட்காரும் இடத்துக்கு ஏடபிள்யூ பெட்டி என்று பெயர். அதன் வடிவம்: சி, ஏதாவது ஒன்று, டி, ஏதாவது ஒன்று, ஜி, அப்புறம் ஏதாவது ஏழு எழுத்து, பிறகு சி, ஜி. என் பட்டியலில் இருந்த 200 மரபணுக்களில் தேடினேன். பாதிக்கும் மேல் இருந்தது! அன்று ராத்திரி தூக்கமே வரவில்லை. மறுநாள், தொலைவில் இருந்து எனக்கு உதவிக்கொண்டிருந்த ஒரு விரிவுரையாளருக்கு அனுப்பினேன். "குருட்டாம்போக்கில் வேறு 200 மரபணு எடுத்தால் எத்தனையில் இருக்கும்?" என்று ஒரே வரி பதில் வந்தது. எடுத்துப் பார்த்தேன். அதிலும் கிட்டத்தட்ட அதே அளவு.

கணக்கைப் பாருங்கள். அந்தப் பெட்டியில் நிலையான எழுத்து ஐந்துதான். நான்கு எழுத்தும் சமமாக வரும் என்று வைத்தால், ஐந்து எழுத்து தற்செயலாகப் பொருந்துவது 1,024 இடத்துக்கு ஒரு முறை. இரண்டு இழையிலும் தேடினால் 512க்கு ஒரு முறை. 1,000 எழுத்துள்ள புரொமோட்டரில் சராசரியாக இரண்டு தடவை சும்மாவே வந்துவிடும். மோட்டிஃப் (காரணி உட்காரும் இடத்தின் எழுத்து வடிவம்) தேடும் ஃபிமோ போன்ற கருவியிலும் இதே கதைதான். அதன் வழக்கமான வரம்பு பத்தாயிரத்தில் ஒன்று. இரண்டு இழையும் சேர்த்து 2,000 இடம் என்றால் ஒரு மோட்டிஃபுக்கு 0.2 தற்செயல். ஜாஸ்பர் தளத்தில் இருந்து 500 மோட்டிஃபை இறக்கி ஓட்டினால் ஒவ்வொரு புரொமோட்டரிலும் 100 பொருத்தம் தற்செயலாகவே கிடைக்கும். புரொமோட்டரை ஒட்டினால் வண்ண வண்ணமாகப் பெட்டி வரைந்து தரும் தளங்கள் பல இருக்கின்றன, அந்தப் படத்தை மட்டும் வைத்து எதையும் முடிவு செய்யாதீர்கள். எனக்கு வலித்தது, அதனால்தான் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

அப்படியானால் என்ன செய்வது? ஒப்பீட்டுக் குழு வைத்துக்கொள்ளுங்கள். அதே பழத்தில் வேலை செய்யும், ஆனால் ஏறவும் இறங்கவும் செய்யாத மரபணுக்கள்தான் சரியான ஒப்பீடு. உங்கள் குழுவில் அந்த மோட்டிஃப் ஒப்பீட்டுக் குழுவைவிட உண்மையிலேயே அதிகமா என்று மீம் தொகுப்பில் உள்ள ஏஎம்ஈ கருவி சொல்லும். அடுத்து, இடம் பாருங்கள். அரபிடாப்சிஸில் ரிங்கிள்டு1 திறக்கும் மரபணுக்களில் அந்தப் பெட்டி தொடக்கத்துக்கு மிக அருகில் இருக்கிறது, 800 எழுத்து தள்ளி இருப்பதை அதே கண்ணால் பார்க்கக் கூடாது. மூன்றாவதாக, வேறு சான்று. அரபிடாப்சிஸின் 529 காரணிகள் டிஎன்ஏவில் எங்கெல்லாம் ஒட்டுகின்றன என்று டாப்செக் முறையில் 2016இல் வெளியிட்டிருக்கிறார்கள், உங்கள் மரபணுவின் அரபிடாப்சிஸ் சொந்தக்காரர் அந்தப் பட்டியலில் இருக்கிறாரா என்று தேடுங்கள். மூன்றும் பொருந்தியது என் 200இல் 11தான். அந்தப் பதினொன்று 200ஐவிட எனக்கு எவ்வளவோ மேல்.

8. வலைப்பின்னல் (விருப்பம் இருந்தால், 3 வாரம்)

சேர்ந்து ஏறி இறங்கும் மரபணுக்களைக் கூட்டமாகப் பிரிக்க டபிள்யூஜிசிஎன்ஏ இருக்கிறது. 15 மாதிரிக்குக் குறைவாக இருந்தால் வேண்டாம் என்று அதை உருவாக்கியவர்களே சொல்கிறார்கள். நான் 9 மாதிரியில் ஓட்டி அழகழகான படம் போட்டேன், எல்லாவற்றையும் பிறகு அழித்தேன்.

தோட்டத்தில் விடிகாலை பெரட்டுக்கு, அதாவது ஆள் கணக்கெடுப்புக்கு, எல்லாரும் ஒரே நேரத்தில் வந்து நிற்பார்கள். ராமு வந்தபோதெல்லாம் முனியம்மாவும் வந்தார் என்பதால் ராமுதான் முனியம்மாவைக் கூட்டி வந்தார் என்று ஆகாது, இருவரையும் எழுப்பியது மணி. சேர்ந்து ஏறும் மரபணுக்களும் அப்படித்தான். மணி அடித்தது யார் என்பதற்கு முந்தைய படியின் சான்று வேண்டும்.

சில நேரம் மணி இந்தத் தரவிலேயே இருக்காது. திசு வளர்ப்பில் வந்த செம்பனையில் பழம் கோணலாகிப் போகும் மேன்டில்டு குறையின் காரணத்தை 2015இல் கண்டுபிடித்தார்கள். டிஎன்ஏ எழுத்து எதுவும் மாறவில்லை, டெஃபிசியன்ஸ் என்ற மரபணுவுக்குள் ஒளிந்திருக்கும் கர்மா என்ற தாவும் டிஎன்ஏ துண்டின் மேலிருந்த மெத்தில் என்ற வேதிக் குறி போய்விட்டதுதான் காரணம். மோட்டிஃப் தேடி இதை யாரும் பிடித்திருக்க முடியாது, அதற்கு மெத்தில் குறியைப் படிக்கும் தனித் தரவு வேண்டும். உங்கள் கேள்வி அந்த வகையா என்று முதல் படியிலேயே யோசியுங்கள்.

9. ஆசிரியரைத் தேடுவது, மரத்துக்குப் போவது

கணினி தருவது சந்தேகப் பட்டியல்தான். அதை உறுதி செய்ய ஆய்வகம் வேண்டும், அதற்கு ஆய்வகம் வைத்திருக்கும் ஒரு பல்கலைக்கழக ஆசிரியர் வேண்டும். வெறும் ஆர்வத்தை மட்டும் எழுதி மின்னஞ்சல் அனுப்பினால் பதில் வராது, எனக்கு ஆறு முறை வரவில்லை. ஏழாவது முறை நான்கு ஆவணம் சேர்த்து அனுப்பினேன்: ஒரு பக்கத்தில் கேள்வி, மாதிரி அட்டவணை, ஓட்டிய கட்டளைகள் எல்லாம் வரிசையாக உள்ள கோப்பு, கடைசியாக அந்தப் பதினொன்றின் பட்டியல், ஒவ்வொன்றுக்கும் என்ன சான்று இருக்கிறது, என்ன இல்லை என்று. இரண்டு நாளில் பதில் வந்தது. மதிப்பெண் பட்டியலும் சான்றிதழ் நகலும் அவர் கேட்ட பிறகு கொடுத்தால் போதும்.

மாதிரி எடுக்க நேரடியாகத் தோட்டத்துக்குள் போய்விடாதீர்கள், அங்கேயே பிறந்து வளர்ந்தவராக இருந்தாலும் சரி. தோட்ட நிர்வாகத்திடம் எழுத்தில் அனுமதி வாங்குங்கள். எந்த பிளாக், எத்தனை மரம், எத்தனை பழம், எந்த நாள் என்று கடிதத்திலேயே இருக்கட்டும். அதோடு உயிரியல் வளங்களை ஆய்வுக்கு எடுப்பதைக் கட்டுப்படுத்தும் 2017ஆம் ஆண்டுச் சட்டம் 795 ஒன்று இருக்கிறது, 2020 டிசம்பரில் நடைமுறைக்கு வந்தது. உங்கள் மாதிரிக்கு அதன் கீழ் அனுமதி தேவையா என்பதைப் பல்கலைக்கழகத்தின் ஆய்வு அலுவலகம் வழியாக முதலிலேயே கேட்டுவிடுங்கள், வெளிநாட்டுக்கு அனுப்பும் எண்ணம் இருந்தால் கட்டாயம் கேளுங்கள். பதில் வரும்வரை பழத்தைத் தொடாதீர்கள். இதற்கு மாதக்கணக்கில் ஆகலாம் என்று வைத்துக்கொண்டு, ஏழாம் படி நடக்கும்போதே கடிதத்தை ஆரம்பித்துவிட்டால் காத்திருக்கும் காலம் வீணாகாது.

பறிக்கும் நாளில் அப்பாவைப் போலக் குலை பார்க்கத் தெரிந்த ஒருவரைக் கூட வைத்துக்கொள்ளுங்கள். எல்லா மரத்திலும் ஒரு மணி நேரத்துக்குள் பறித்து முடியுங்கள், பறித்த சதையை அங்கேயே திரவ நைட்ரஜனில் போடுங்கள். மரத்தின் எண், வாரம், மணி மூன்றையும் பென்சிலால் ஒரு சீட்டில் எழுதிப் பைக்கு உள்ளே வையுங்கள். மார்க்கர் மை ஆல்கஹால் பட்டால் அழிந்துவிடும், பென்சில் அழியாது.